மகள் அவளுக்குப் பின்னால், நான் மகளுக்குப் பின்னால்

இலங்கையில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் மட்டும் படித்தவன் கட்டுரை எழுத வந்தது பிழைதான். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தேவாலயப் பங்குக் கூட்டத்தில் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டாலே தலையை மட்டும் ஆட்டுகிற ஆள் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பொது இடத்தில் வாய் திறந்து கத்தினேன். அதுவும் வீடியோவில் பதிவாகிவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மனைவியின் அண்ணன் மெல்பேர்ணில் இருக்கிறார். அவருடைய மகன் அவுஸ்திரேலியன் ஃபுட்போல் விளையாடுகிறான். முட்டை மாதிரிப் பந்து. உதைக்கலாம், குத்தலாம், பிடித்துக்கொண்டு ஓடலாம். மச்சான் போன் எடுத்தால் முதல் அரை மணித்தியாலம் மகனின் புகழ்தான். நான் ரிசீவரைத் தோளில் வைத்துக்கொண்டு "ஓம், ஓம்" என்பேன்.

இப்படி இருக்கையில், இங்கே கனடாவில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கொலிஜ் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஷாமினி ஒரு நாள் வந்து, மொன்றியலில் அதே விளையாட்டுக்குப் பெண்கள் குழு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள், தானும் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். அவளுக்குப் பதினேழு வயது. எனக்கு மச்சானின் முகம்தான் கண்ணில் வந்தது.

ஒட்டாவாக் குழுவோடு ஒரு சனிக்கிழமை ஆட்டம். அதில் நன்றாக விளையாடும் புதுப் பிள்ளைகளைத்தான் ரொறன்ரோப் போட்டிக்குக் கூட்டிப் போவார்கள். மகள் ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் என்ன செய்தேன்? எங்கள் பங்கில் கலியாணங்களுக்கு வீடியோ எடுக்கும் மரியதாஸ் அண்ணையைப் பிடித்தேன். "பிள்ளையை விட்டுக் கமராவை எடுக்கக்கூடாது அண்ணை. டீவீடி மெல்பேர்ணுக்குப் போகுது" என்று சொல்லிவைத்தேன்.

ஆட்டம் தொடங்கிக் கால் மணித்தியாலம் இருக்கும். மகள் பந்தைத் தொடவே இல்லை. ஒட்டாவாக் குழுவின் உயரமான பொன்னிறத் தலைப் பெண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிந்தாள். அவள் நின்றால் நின்றாள். அவள் ஓடினால் ஓடினாள். அவள் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தபோதும் பக்கத்திலேயே காவல் நின்றாள்.

மரியதாஸ் அண்ணை கமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"தம்பி, குறை நினைக்காதை. கலியாணத்தில பொம்பிளைக்குப் பக்கத்தில தோழி நிக்குமே, படம் அப்பிடித்தான் வருது."

"ஆர் தோழி?"

"வேற ஆர்? எங்கட பிள்ளைதான். அந்த வெள்ளைப் பிள்ளைதான் பொம்பிளை."

எனக்குத் தலைக்குள் சூடேறியது. இடைவேளையில் பயிற்சியாளரிடம் போனேன். அவுஸ்திரேலியாவிலிருந்து படிக்க வந்த இளம்பெண். என் ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்டாள். அந்த வேலைக்கு 'டாகர்' என்று பெயராம். எதிர்ப்பக்கத்தின் கெட்டிக்காரியைப் பந்தெடுக்க விடாமல் நிழல் போலத் தொடர்வதாம். "புதுப் பிள்ளைகள் கெட்டிக்காரிகளுக்குப் பக்கத்தில் நின்றால்தான் எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்று பழகுவார்கள்" என்றாள்.

எனக்கா இந்தக் கதை? புவாண்ட்-கிளேரில் வெயார்ஹவுஸ் வேலைக்குச் சேர்ந்த நாளில் மேற்பார்வையாளர் ஒரு பழைய ஆளைக் காட்டி, "இரண்டு கிழமை இவருக்குப் பின்னால் நட, வேலை பழகுவாய்" என்றார். பன்னிரண்டு வருசம் நடந்தேன். அவர் பென்சன் எடுத்துப் போனார். அவருடைய இடத்துக்கு வேறு ஒருவன் வந்தான். நான் அவனுக்குப் பின்னால் நடந்தேன். என் பிள்ளையும் அப்படியா?

மூன்றாவது காற்பகுதியில் எல்லைக்கோட்டோரம் நடக்கத் தொடங்கினேன். "பிள்ளை, பந்துக்குப் போ" என்று மெதுவாகத்தான் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் கிட்டப் போனேன். இன்னும் கொஞ்சம். கோடு எப்போது எனக்குப் பின்னால் போனதென்று சத்தியமாகத் தெரியாது. முன்னால் அந்தப் பெண், அவளுக்குப் பின்னால் என் மகள், மகளுக்குப் பின்னால் குளிர்கோட்டோடு நான், எனக்குப் பின்னால் கமராவோடு மரியதாஸ் அண்ணை (பிள்ளையை விட்டு எடுக்கக்கூடாது என்று நான்தானே சொன்னேன்). பெருநாள் சுற்றுப்பிரகாரம் மாதிரி நாலு பேரும் மைதானத்தைச் சுற்றினோம். மெழுகுதிரிதான் இல்லை.

"விடு பிள்ளை அவளை! பந்துக்குப் போ!"

பதினேழு வருசமாக அப்பா கத்திக் கேட்டறியாத பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினாள். அந்த ஒரு நொடி போதும். பொன்னிறத் தலை பந்தை எடுத்து, நான்கு எட்டு வைத்து ஓடி, கம்பங்களுக்கு நடுவால் உதைத்தாள். அதற்கு ஆறு புள்ளி. நடுவர் விசிலை ஊதிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

மகள் அழவில்லை. "அப்பா, காருக்குள்ள போய் இருங்கோ" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் பரவாயில்லை.

கடைசிக் காற்பகுதியைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். பொன்னிறத் தலைக்குப் பந்தே கிடைக்கவில்லை. போகப் போக, அவள் போகவேண்டிய இடத்துக்கு அவளுக்கு முன்னமே என் மகள் போய் நின்றாள். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்து மகளைத் தள்ளிவிட்டாள். விழுந்த மகள் சிரித்துக்கொண்டு எழும்பினாள். கை தட்டவேண்டும் போல இருந்தது. தட்டவில்லை. எனக்கும் ரோசம் இருக்கிறது. ஐந்து புள்ளியால் தோற்றோம். அந்த ஆறு புள்ளி யாருடையது என்று வீட்டில் ஒருவரும் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

டீவீடியை நான் ஒளித்துவைத்தேன். மனைவி தேடி எடுத்துத் தன் அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள். மச்சான் போன் எடுத்தார்.

"மச்சான், பிள்ளை என்ன மாதிரி மறிக்கிறாள்! என்ர மகனையும் முதல் இரண்டு வருசம் உந்த வேலைக்குத்தான் விட்டவை. அது சரி, பின்னால ஓடுற விசரன் ஆர்?"

இரண்டு வருசம்! அந்த இரண்டு வருசமும் நான் ரிசீவரைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்ட புகழ் என்ன! ஒரு நாளாவது, மகனும் டாகர்தான் என்று ஒரு சொல்லாவது சொன்னாரா? "ஆரோ இங்கத்தைய ஆள்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இன்றைக்கும் கடையில் மனைவியின் வண்டிலுக்குப் பின்னால் நான் பேசாமல் நடந்தால், மகள் எல்லாருக்கும் கேட்கச் சொல்வாள்: "விடுங்கோ அப்பா அவவை! பந்துக்குப் போங்கோ!" மனைவி வண்டிலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஆட்டத்துக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்தோம். பின்னேரம் பயிற்சியாளரிடமிருந்து ஈமெயில் வந்தது. ரொறன்ரோவுக்குப் போகிறவர்களின் பட்டியலில் மகளின் பெயர் இருந்தது, பக்கத்தில் டாகர் என்று போட்டு. பெற்றோர் எல்லைக்கோட்டைத் தாண்டக்கூடாது என்று கீழே ஒரு புது விதியும் இருந்தது.