கிளாட்வினின் கார் இறங்கிய கதை

காரைத் தாழ்த்திவிடுவது என்று கிளாட்வின் முடிவெடுத்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அந்த வயதில் யாரும் அதைச் செய்வதில்லை. பந்தயம் ஓட்டும் ஆசையும் அவருக்கில்லை. காரணம் மாமியார்.

துறைமுகத்தில் கப்பல் சரக்கை ஏற்றி இறக்குவதை மேற்பார்வையிடுவது அவர் வேலை. வாழ்க்கையில் அவருக்கென்று இருந்தது அந்தப் பழைய கார் ஒன்றுதான். முழங்கால் அறுவை முடிந்து மாமியார் பிலோமி வீட்டோடு வந்து சேர்ந்தபின் அதுவும் போயிற்று. வியாழக்கிழமை பிசியோதெரபி. ஞாயிறு மாதா கோவில். நடுவில் எப்படியும் யார் வீட்டிலாவது துக்கம். முன்சீட்டிலிருந்து, "மெல்லப் போங்க மாப்ள." கார் முழுக்கத் தைல வாசம். அவர் சட்டையிலும் அதே வாசம். ஆபீசில், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றார். பொய்யென்றும் சொல்ல முடியாது.

மெக்கானிக் தங்கதுரை விளக்கினார். "ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு லோயரிங் ஸ்பிரிங். கட்டையான ஸ்பிரிங்கு. மாட்டுனா வண்டி ரெண்டு இஞ்சு இறங்கும். இறங்குனது இறங்குனதுதான். இன்னொண்ணு காயில்ஓவர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா இருக்கும். மரையைத் திருகி வேணுங்குற உசரத்துல வச்சுக்கிடலாம்."

"இறங்குனது இறங்குனதுதான்னு சொன்னீரே, அதயே போடும்."

வீட்டில் மனைவி விஜிலா சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"காரு எதுக்கு இறங்கணும்?"

"வளைவுல பிடிமானம் வேணும்லா."

"வீட்டுக்கும் ஹார்பருக்கும் நடுவுல எங்கன இருக்கு வளைவு?"

"இருக்கு."

"அம்மாவால குனிஞ்சு ஏற முடியாதே."

"அத நான் யோசிக்கல" என்றார். அவர் யோசித்தது அதை மட்டும்தான்.

விஜிலா மீனைக் கழுவி முடித்தாள். மறுநாள் தானே தங்கதுரையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஸ்பிரிங்கு வேண்டாம். காயில்ஓவரே போடுங்க. நம்ம கல்யாண நாளுக்கு நான் வாங்கித் தாரேன்."

கிளாட்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளுக்குப் போய் இப்படியொரு புருஷன் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கார் தரையோடு தரையாக இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை பிலோமி கதவைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை குனிந்து பார்த்தார். முடியவில்லை. "எனக்கு ஏலாது மாப்ள. நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, புதுச் சேலையோடு மெல்ல உள்ளே திரும்பினார். துணைக்கு விஜிலாவும் இருந்துவிட்டாள்.

கிளாட்வின் தனியாகப் போனார். ஒவ்வொரு வேகத்தடையிலும் காரின் அடிவயிறு உரசியது. ஒவ்வொரு உரசலும் நெஞ்சில் கேட்டது. மெல்லப் போகச் சொல்ல ஆளில்லை. இத்தனை நாள் ஆசைப்பட்ட சுதந்திரம் இவ்வளவுதானா என்றிருந்தது. பூசையில் பாதிக்கு மேல் அவர் காதில் விழவில்லை.

அடி உரசுமென்று அந்த வாரம் காரை எடுக்காமல் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்வந்தார். வியாழக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து வந்து இறங்கியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கார் ஜீப்பைப் போல நிமிர்ந்து நின்றது. முன்பு இருந்ததைவிட ஒரு விரற்கடை உயரம்.

"ஏளா, இது என்ன?"

"தங்கதுரை அண்ணாச்சிகிட்ட கொண்டுபோய் ஏத்திட்டு வந்தேன்."

"இறக்குனத யாராவது ஏத்துவாவளா?"

"கப்பல்ல காலமெல்லாம் அதத்தான செய்யுதிய. அதுக்குத்தான் திருகுறதா பாத்து வாங்குனேன்."

"அப்ப கல்யாண நாள் பரிசு?"

"பரிசுதான். எங்க அம்மாவுக்குன்னு சொல்லல, அவ்வளவுதான்."

பிலோமி வந்தார். நாற்காலியில் உட்காருவதுபோல முன்சீட்டில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"முன்னவிட சவுகரியமா இருக்கு மாப்ள. ஏற முடியலன்னதும் ஒங்களுக்குப் பாரமா இருக்க வேண்டாம்னு, சென்னையில இருக்க எம் மவன் மெல்வின்கிட்ட, அவனோடயே வந்து இருந்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன். காரை ஏத்தப் போறான்னு தெரிஞ்சதும், இன்னைக்குக் காலையிலதான் வரலன்னு அவனுக்குப் போன் பண்ணுனேன்."