பதினொரு கொலெட்டும் கேஜ் நானாவும்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அளக்கப்படாத பொருள் ஒன்று இருக்கிறதென்றால், கேஜ் நானா இன்னும் அந்தப் பாதையால் வரவில்லை என்று அர்த்தம். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் அவர் வேர்னியர் கேஜ் என்ற அளவுகருவி வைத்திருப்பார். மீன் அடைத்த மாலுபாண் வாங்கினால் முதலில் அளந்து, "போன கிழமைய விட ரெண்டு மில்லி மெலிஞ்சீக்கி" என்று கடைக்காரருக்கு அறிவித்துவிட்டுத்தான் கடிப்பார். சுகம் விசாரித்தாலும் அதே கதைதான். "இடுப்பு கொஞ்சம் கொறஞ்சீக்கி, மத்தப்படி அல்ஹம்துலில்லாஹ்!"

எனக்கு இந்த மனுசனைக் கண்டாலே எரிச்சல். ஒருநாள் எங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டே கேட்டை அளந்தார். "தங்கச்சி, ஒங்கட கேட் ஒரு பக்கம் சாஞ்சீக்கி" என்றார். அந்தக் கேட்டைத் தினமும் தூக்கித் தூக்கி மூடுகிற எனக்கு அது தெரியாதா?

போன வருசம் என் வீட்டுக்காரர் சூசை வேலை செய்த கராஜை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு ஏஜென்ட் ஓயாமல் போன் எடுத்தான். கட்டாரில் வேலை இருக்கிறதாம், இரண்டே இரண்டு வருசம்தானாம். எங்கள் சின்னவளுக்கு அப்போது நாலு வயது. இரண்டு வருசம் என்றால் அவளுக்கு அது பாதி ஆயுசு.

போவதற்கு முன் கடைசியாக ஒன்று செய்து பார்ப்போம் என்று சூசை கொழும்பில் ஒரு பழைய சாமான் யார்டிலிருந்து சின்ன மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி வந்து பின்கொட்டிலில் வைத்தார். முதல் வேலையும் வந்தது. பேக்கரி முதலாளியின் மா பிசையும் மெஷினுக்குப் புது ஷாஃப்டில் காடி என்கிற நீளப் பள்ளம் வெட்ட வேண்டும். சனிக்கிழமை பகலுக்குள் கொடுத்தால் அவருடைய மூன்று பேக்கரி வேலையும் இனி சூசைக்குத்தான். கொடுக்காவிட்டால் ஷாஃப்ட் கொழும்புக்குப் போகும், சூசை கட்டாருக்குப் போவார்.

மெஷின் ஓடியது. ஆனால் வெட்டும் பிட்டை மெஷினின் வாய்க்குள் இறுக்கிப் பிடிக்க ஒரு கவ்வி வேண்டும், அதற்குப் பெயர் கொலெட். மெஷினோடு ஒரு பிஸ்கட் டின்னில் பதினொரு கொலெட் வந்திருந்தது. எதிலும் எழுத்துமில்லை, நம்பருமில்லை, ஒன்றுகூட அந்த வாய்க்குள் ஏறவுமில்லை. சூசை டின்னைத் தூக்கிக்கொண்டு கண்டி டவுனில் கடை கடையாக அலைந்தார். ஒருவர் சீனாச் சாமான் என்றார். இன்னொருவர் ஜப்பான் என்று சத்தியம் செய்தார். மூன்றாவது ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பழைய இரும்புக்குப் போடுங்க" என்றார்.

புதன்கிழமை வேறு வழியில்லாமல் கேஜ் நானாவைக் கூப்பிட்டோம். வந்தார், கதிரையில் உட்கார்ந்தார், வெள்ளைத் துணி கேட்டார். அதில் பதினொன்றையும் வரிசையாகப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரி டொக்டர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீளம், தடிப்பு, சரிவு, மரை எல்லாவற்றையும் மூன்று மூன்று தரம் அளந்தார். பிறகு மெஷினின் வாயையும் அளந்தார். நான் கொடுத்த பிளேன்டீ ஆறிச் சில்லிட்டுப்போனது. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு தலையை நிமிர்த்தினார்.

"இது ஆர் எயிட். பதினொண்டும் ஆர் எயிட். இந்த மாதிரி மெஷினுக்கெண்டே செஞ்ச சைஸ்."

"அப்ப ஏன் நானா ஏற மாட்டேங்குது?" என்றார் சூசை.

"கொலெட்ல பிழையில்ல. மெஷின்தான் பிழை."

கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். பின்னேரத்துக்குள் சந்தித் தேத்தண்ணிக் கடை முழுக்கச் சிரித்தது. "நானாட கேஜுக்குக் காய்ச்சலாம்!" நானும் சேர்ந்து சிரித்தேன், பயத்தில் வந்த சிரிப்பு அது. நானா வேர்னியரைப் பையில் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வியாழக்கிழமை அவரைத் தெருவிலேயே காணவில்லை. சூசை கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நானா ஓடிவந்தார்.

"தங்கச்சி, மெழுகுதிரி ஈக்கா?"

"இருக்கு. ஆனா அது அந்தோனியாருக்கு நேர்ந்து வச்சது நானா!"

"தொலஞ்ச சாமானத் தேடித் தர்றதுதானே அவருக்கு வேல? வேலைக்கித்தான் கேக்குறேன், தாங்க."

எடுத்துக் கொடுத்தேன். ஆறு மெழுகுதிரியும் என் பால் சட்டியில் உருகின. சூசை மெஷினின் தலையைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தினார். நானா துளைக்குள் துணி அடைத்து, எண்ணெய் தடவி, மெழுகை ஊற்றினார். ஆறியதும் இழுத்தால் துளையின் உருவம் அப்படியே வெளியே வந்தது. வாய்ப்பக்கம் வழிந்து பரவிய மெழுகில் மயிர் மாதிரி ஒரு கோடு வட்டமாக ஓடியது.

"கீறல் போல," என்றார் சூசை.

"கீறல் இவ்வளவு வட்டமா வருமா? இது ரெண்டு சாமான் சேர்ற எடம்!" நானா நகத்தால் கோட்டைத் தொட்டுக் காட்டினார். "நாம அளந்தது மெஷினையில்ல மவன். உள்ளுக்கு யாரோ ஒரு குழாய எறக்கி வச்சீக்கிறான். அவன்ட கொலெட்டுக்கு வாய் பெருசு, இதச் சொருகிச் சின்னதாக்கி ஈக்கிறான்!"

தலையைப் படுக்கப் போட்டார்கள். என்னைத் தலையணையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு நேரே நிற்கச் சொன்னார்கள், என் கல்யாணத் தலையணை! நானா பின்பக்கத்தால் ஒரு பித்தளைக் கம்பியை விட்டு அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடிக்குத் துருவும் கிரீசுமாக ஒரு இரும்புக் குழாய் தலையணையில் வந்து விழுந்தது. நானா ஒரு கொலெட்டை எடுத்து உள்ளே தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"அல்லாஹு அக்பர்!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கொட்டிலுக்குள் வந்துவிட்டது. ஒன்று சரியென்றால் போதாதா? போதாது. அத்தனை பேர் முன்னாலும் பதினொன்றையும் ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார். பிறகு குழாயைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு நேராகத் தேத்தண்ணிக் கடைக்குப் போய், மேசை நடுவில் வைத்தார். "யாருக்குச் சிரிப்பு? வந்து அளந்து பாருங்க!"

சனிக்கிழமை பத்து மணிக்கு ஷாஃப்ட் பேக்கரியில் இருந்தது. பதினொரு மணிக்கு பேக்கரி மெஷின் மா பிசைந்தது. பின்னேரம் ஏஜென்டின் போன் வந்தபோது சூசை, "வேற ஆளப் பாருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுச் சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் குசினிக்குள் போய், மெழுகு பிடித்த பால் சட்டியைத் தேய்த்துக்கொண்டே நன்றாக அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் நன்றி மன்றாட்டு எழுதிக் கொடுக்கப் போனேன். தாளில் பேனாவை வைத்த பிறகுதான், அந்த மனுசனின் சொந்தப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை என்று உறைத்தது. வெட்கத்தோடு தெரிந்ததை எழுதிக் கொடுத்தேன். ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மைக்கில் வாசித்தார்: "கேஜ் நானா அவர்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டி மன்றாடுவோம்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் சூசையும் சின்னவளும் இருக்க, கோயில் முழுக்கக் கேட்கும்படி நான் ஆமென் சொன்னேன்.