அழிக்க அனுமதி கோரி

அலுவலகத்தின் மெயில்கள் அனைத்தும் ஒரே சர்வரில் இருந்தன. அது என்றாவது படுத்துவிட்டால் என்ன செய்வது என்ற தொலைநோக்கோடு, பக்கத்து அறையில் பேக்கப் டிஸ்க்குகளை அடுக்கி, அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தற்காலிக ஊழியராக ஒரு பெண்ணையும் நியமித்திருந்தார்கள். எல்லாரும் அவரை டிஸ்க்கக்கா என்றே கூப்பிட்டார்கள்.

பேக்கப் மென்பொருள் தினமும் மெயில்களை நகலெடுத்து டிஸ்க்கில் போடும். இடம் தீர்ந்தால், கெடு முடிந்த பழைய நகலை அழித்துவிட்டு அங்கே புதியதை வைக்கும். யாரையும் கேட்காது. இயக்குநருக்குப் பொறுக்காமல் போனது இந்தக் கடைசி விஷயம்தான்.

"அலுவலகச் சொத்தை ஒரு மெஷின் தன் இஷ்டத்துக்கு அழிக்குதா?"

"பழைய நகல்தான் சார். புதுசுக்கு இடம் வேணுமில்ல?"

"பழசுன்னு முடிவு பண்ண அதுக்கு என்ன தகுதி இருக்கு? இனிமே என் அனுமதி இல்லாம எதையும் அழிக்கக் கூடாது. அனுமதியை மெயில்லயே கேளுங்க. இது காகிதமில்லா அலுவலகம்."

காகிதமில்லாமல் இருப்பது அப்போது நாகரிகமாக இருந்தது. பிரிண்டரைக்கூடத் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

டிஸ்க்கக்கா மென்பொருளைக் கேள்வி கேட்கும்படி மாற்றினார். சீக்கிரமே டிஸ்க் நிறைந்தது. 'பழையதை அழிக்கலாமா?' என்று திரை கேட்டது. அவர் இயக்குநருக்கு மெயில் அனுப்பினார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். அதுவும் பரிசீலனைக்குப் போனது. பரிசீலனை மூன்று வருஷம் சீரும் சிறப்புமாக நடந்தது. திரையும் பொறுமையாகக் காத்திருந்தது. நகல் மட்டும் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை.

இதற்கிடையே டிஸ்க்கக்காவுக்குப் பணி நிரந்தர ஆணை மெயிலில் வந்தது. வீட்டில் அவர் புருஷன் அதை போனில் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "இனிமே நிம்மதியா தூங்கலாம்," என்றார்.

அடுத்த வாரம் சர்வர் படுத்தது.

டிஸ்க்கில் இருந்ததை மீட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய மெயில்கள் பத்திரமாக வந்தன. அதற்குப் பிறகு வந்தது எதுவும் இல்லை.

"ஏம்மா, அழிக்க என்கிட்ட ஏன் அனுமதி கேட்கல?" என்றார் இயக்குநர்.

"எத்தனை தடவை மெயில் போட்டேன் சார்!"

"எங்கே, காட்டுங்க."

"சர்வரோட போயிடுச்சு சார்."

"அப்ப கேட்கலன்னுதான் அர்த்தம். சரி, போகட்டும். உங்களை நிரந்தரம் பண்ற விஷயத்தை யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"பண்ணிட்டீங்க சார். போன வாரம்."

இயக்குநர் திரையில் தேடினார். உண்மையான வருத்தத்தோடுதான் தேடினார். "ஞாபகம் வருது. ஆனா இதுல நீங்க தற்காலிகம்னுதானேம்மா இருக்கு?"

அன்று வீட்டில், போனிலிருந்தும் அந்த ஆணை மறைந்துபோனதைப் பார்த்து, "கையெழுத்துப் போட்டவருக்கே ஞாபகம் இல்லையா?" என்று புருஷன் குதித்தார்.

"ஞாபகம் இருக்காம். ஆதாரம்தான் இல்லையாம்," என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது: 'மீட்கப்பட்ட மெயில்களை நடப்பு மெயில்களாகக் கருதி ஆவன செய்யவும்.' ஊழியர்கள் சுறுசுறுப்பாக உட்கார்ந்து, மூன்று வருஷத்துக்கு முந்தைய புகார்கள் ஒவ்வொன்றுக்கும் 'தங்கள் புகார் கிடைத்தது' என்று பதில் போட்டார்கள். தற்காலிக ஊழியரான டிஸ்க்கக்காவும் தன் பங்குக்குப் போட்டார்.

ஒரே வாரத்தில் பொதுமக்களிடமிருந்து நன்றிகள் வந்து குவிந்தன. ஏறக்குறைய எல்லாரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: 'இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.'