படிவம் எழுதுவதை நிறுத்திய கரடி

ஒரு காட்டில், இலுப்பைப் பூ கொட்டுகிற மாதத்தில்கூட ஒரு பூ தின்ன நேரமில்லாமல் மருதாயி என்ற கரடி இருந்தாள். காட்டில் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சுனையில் தண்ணீர் குடிக்கவே படிவம் கொடுக்க வேண்டும் என்று அதிகாரி நரி சிங்காரம் விதி போட்டிருந்ததால், விடிந்ததும் அவள் குகை வாசலில் வரிசை நின்றுவிடும். இது போக, காட்டு வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுவது, மயில்களின் சண்டைக்குப் பஞ்சாயத்து பேசுவது எல்லாம் அவள் தலையில்தான்.

ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்தாள். அப்போதுதான், இவற்றில் எதையெல்லாம் விடலாம் என்று முதன்முதலாக யோசித்தாள். காலை வணக்கத்தை விட்டாள். ஏன் காணோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. பஞ்சாயத்தை விட்டாள். மயில்கள் தாங்களே சண்டை போட்டு, தாங்களே அலுத்துப்போயின. துணிச்சல் வந்து, படிவம் எழுதுவதையும் விட்டாள்.

மறுநாள் வந்த மான் செவந்தி திகைத்துப்போனாள். தாகம் தாங்காமல், படிவம் இல்லாமலே போய்க் குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்து எல்லோரும் குடித்தார்கள். மருதாயி மூன்று நாள் மரத்தடியிலேயே கிடந்து வயிறு முட்டப் பூ தின்றாள்.

வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த சிங்காரம் கோபப்படவில்லை. படிவம் வேண்டாம் என்பவர்கள், வேண்டாம் என்று ஒரு படிவம் கொடுத்தால் போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் தொல்லையில்லை என்று அறிவித்தார்.

செவந்தி ஓடிவந்தாள். "அக்கா, இது ஒண்ணை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. இதோட முடிஞ்சுது."

கடைசிதானே என்று மருதாயி உட்கார்ந்தாள். காட்டுக்கே விடுதலை என்பதால் மனசு வைத்து, முத்து முத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்களை எழுதி முடித்தாள்.

சிங்காரம் ஒவ்வொன்றையும் ரசித்துப் படித்தார். பிறகு எல்லாவற்றையும் நிராகரித்தார்.

"படிவம் நிரப்பச் சிரமமா இருக்குன்னு எழுதியிருக்கீங்கம்மா. இவ்வளவு அழகா நிரப்பினவங்களுக்கு என்ன சிரமம்?"

மேல்முறையீடு செய்யலாம் என்று அவரே அன்போடு சொல்லி, அதற்கான படிவத்தை நீட்டினார். ஆளுக்கு மூன்று பிரதி வேண்டுமாம்.

நீதி: ஒரு வேலையை நிறுத்த விரும்புகிறவர், முதலில் அதை மோசமாகச் செய்யப் பழக வேண்டும்.