ஓஸெல்லா குணமாகிவிட்டாளாம்

ப்ரஷி ஃபோர்க், கென்டக்கி
அக்டோபர் 14

மகாகனம் பொருந்திய மைத்துனர் டெல்மர் அவர்களுக்கு உன் அக்காள் புருஷன் விர்ஜில் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். டேட்டனில் நீயும் வில்மாவும் உங்கள் வீட்டுப் புதுக் கூரையும் நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். யாவரும் நலம் என்று நான் வழக்கத்துக்காக எழுதவில்லை, மாப்பிள்ளே. மாநில அரசே பதினாறு பக்கத்தில் எழுதி, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது. உன் அக்காள் ஓஸெல்லாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்து இரண்டு வருஷமாகிறதல்லவா? அது சரியாகிவிட்டதாம். டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, அவளுக்கே தெரியாது. தலைநகரத்தில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிட்டார்கள்.

வசதியில்லாதவர்களுக்கு மாநிலம் தருகிற மெடிகெய்டில், வாரத்துக்கு முப்பத்திரண்டு மணி நேரம் கார்லீன் என்ற பெண் வந்து அவளைத் தூக்கி, குளிப்பாட்டி, சமைத்து வைத்துவிட்டுப் போவாள் என்று உனக்குத் தெரியும். நானோ முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி முதுகெலும்பை இந்த மலைப்பாதைக்கே காணிக்கை கொடுத்தவன், குடலிறக்க ஆப்பரேஷன் வேறு. போன மாதம், எத்தனை மணி நேரம் உதவி தேவை என்று அளந்து பார்க்க ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. அளக்கிற வேலையை மாநிலம் ஏதோ ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. வருகிறவர்கள் நம் கஷ்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று நான் நினைத்தேன். உன் அக்காள், வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று நினைத்தாள்.

அன்று காலை ஆறு மணிக்கே கார்லீனை வரவழைத்து, மெத்தென்ற பிஸ்கட்டும் அதன்மேல் ஊற்றக் கிரேவியும் பண்ணச் சொல்லி, பெக்கான் பருப்பு வைத்த இனிப்புப் பலகாரம், அந்தப் பெக்கான் பை, ஒன்றும் சுட வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நீலக் கவுன், சுருட்டிய முடி, உதட்டுச் சாயம், எல்லாம் கார்லீன் கைவேலை. ஒன்பது மணிக்கு அவளையே பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டாள். "ஏன்டி அவளைத் துரத்துறே?" என்றேன். "ஆள் வச்சு வேலை வாங்குறாங்கன்னு அளக்க வர்ற பொண்ணு நினைக்கப் போகுது, நமக்கு வெக்கமா இல்லையா? நீங்க போய் டை கட்டிக்கிட்டு வாங்க" என்றாள். நானும் கட்டிக்கொண்டேன். இந்த வீட்டில் என் மூளைக்கு என்றைக்கு மரியாதை இருந்தது?

வந்தவள் பெயர் கெய்லி. நல்ல பெண், கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டாள். உன் அக்காள், "குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா, என்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க" என்றாள். அது பலகையில் ஏறியது. "இந்தப் பெக்கான் பை நீங்களா செஞ்சீங்க?" "பின்னே? வீட்டுக்கு வந்த பிள்ளைக்குக் கடைப் பண்டத்தையா வைப்பேன்?" அதுவும் ஏறியது. "தனியா டிரஸ் பண்ணிக்குவீங்களா?" என்றதற்கு, "ஏன் கண்ணு, நல்லா இல்லையா?" என்று சிரிக்கிறாள்! நான் மேஜைக்கடியில் அவள் காலை ஓங்கி மிதித்தேன். பதற்றத்தில் வலது காலை மிதித்திருக்கிறேன், அவளுக்கு எப்படித் தெரியும்? கெய்லி போகும்போது வீட்டில் காய்ச்சிய ஆப்பிள் பட்டர் ஜாம் ஒரு ஜாடி வேறு கொடுத்தனுப்பினோம். முப்பத்திரண்டு மணி நேரம் ஒன்பது மணி நேரமானது.

ஆனால் மாநிலத்தின் தாராள மனசைக் குறை சொல்லக்கூடாது, மாப்பிள்ளே. வீட்டில் முடியாவிட்டால் அவளை நர்சிங் ஹோமில் சேர்க்கலாமாம், கார்லீனுக்குக் கொடுப்பதைப்போல பல மடங்கு செலவானாலும் அதற்கு அவர்களே கொடுப்பார்களாம். சொந்தப் படுக்கையில் கிடந்தால் கஜானா காலியாகிவிடும், அடுத்த மாவட்டத்து நர்சிங் ஹோமில் கிடந்தால் நிரம்பிவிடும்போல. என்ன கணக்கோ! கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், சந்தேகமிருந்தால் கூப்பிடுங்கள் என்று பதினைந்து மொழியில் போட்டிருக்கிறார்கள். கூப்பிட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம் பியானோ வாசித்துக் காட்டிவிட்டு வைத்துவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை கார்லீன் வராத நாள். நானே குளிப்பாட்டுகிறேன் பேர்வழி என்று அவளைத் தூக்கினேன். இரண்டு பேரும் தொட்டிக்குள் போய்ச் சேர்ந்தோம். காலை பத்து மணிக்கு விழுந்தவர்கள், தபால்காரர் ஹோபர்ட் பன்னிரண்டரைக்கு வந்து கத்தலைக் கேட்டுத் தூக்கிவிடுகிற வரைக்கும் அங்கேயே குடித்தனம். முதலில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் சத்தமே இல்லாமல், "ஏங்க, என்னைக் கொண்டுபோய் அந்த நர்சிங் ஹோம்ல போட்டுட மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள். "போடி பைத்தியக்காரி" என்று மட்டும் சொன்னேன்.

ஆகவே அப்பீல் போட்டுவிட்டேன். இன்று மதியம் இரண்டு மணிக்குப் போனில் விசாரணை. உன் அக்காள் போனைத் தொடக்கூடாது, "நல்லா இருக்கேன்" என்ற வார்த்தை இந்த வீட்டில் சாயங்காலம் வரை கேட்கக்கூடாது என்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். வீண் பெருமைதான் இந்தக் குடும்பத்தைக் கெடுத்தது. உங்கள் அப்பா வழி ரத்தம், தப்பாக நினைக்காதே. நான் ஒருவனே பேசப்போகிறேன். முப்பத்திரண்டு மணி நேரமும் திரும்பி வந்ததாகவே வைத்துக்கொள். இரண்டு வாரம் வந்து தங்கிக் கூடமாட உதவுவதாகச் சொன்னாயே, அதெல்லாம் வேண்டாம். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து என்ன செய்யப்போகிறாய்?

வில்மாவுக்கு எங்கள் அன்பு. கர்த்தர் உங்களையும் உங்கள் கூரையையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்
விர்ஜில் ஸ்டாம்பர்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் போன் வந்துவிட்டது. பேசியது விசாரணை அதிகாரி, யாரோ பெரிய இடத்து அம்மாள், குரலிலேயே அவ்வளவு மரியாதை. எல்லாம் எழுதிவைத்தபடிதான் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில், "உதவிக்கு ஆள் வராத நேரத்துல அவங்களை யார் பார்த்துக்கறாங்க, ஐயா?" என்று கேட்டாள். "ஏன், நான் இல்லையா? கல்யாணம் ஆகி நாற்பத்தாறு வருஷம் ஆகுதும்மா" என்றேன். "உங்களால தூக்க முடியுதா?" என்றாள். உன் அக்காள் எதிரிலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மாப்பிள்ளே. "பேஷா முடியும்" என்று வாயில் வந்துவிட்டது. "ரொம்ப சந்தோஷம்" என்று அந்த அம்மாள் டக் டக்கென்று தட்டிக்கொண்டாள். வீட்டிலேயே தூக்க ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று, இருந்த ஒன்பது மணி நேரமும் போயிற்று. ஓஸெல்லா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என்னால் அவளைத் தூக்க முடியவில்லை, டெல்மர். உடனே கிளம்பி வா. வில்மாவிடம் சும்மா பார்த்துவிட்டு வரப் போவதாகச் சொல்.