வெறும்போத்தல் நானாவின் லொறி

வீசியெறிந்த சாமானை வீசியவன் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த மனிதர் இந்தத் தீவில் ஒருவர்தான். அவரும் போயும் போயும் கற்பிட்டியில், எங்கள் தெருவில்தான் வந்து பிறந்திருந்தார். வாப்பா உம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் வெறும்போத்தல் நானா.

முன்னொரு காலத்தில் அவர் சோடா முதலாளியின் லொறியில் வேலை செய்தவர். அப்போது சோடா கண்ணாடிப் போத்தலில் வரும். வெறும்போத்தல் தராத கடைக்கு நானா சோடா இறக்கமாட்டார், ஆண்டவனே வந்து கேட்டாலும் சரி. பிறகு பிளாஸ்டிக் வந்தது.

"இனி வெறும்போத்தல் எடுக்கத் தேவல்ல" என்றார் முதலாளி.

"அப்ப லொறி திரும்பிப் போறப்ப எதைக் கொண்டு போற?"

"ஒண்டுமில்ல. சும்மாதான் போகும்."

வெறும் லொறி ரோட்டில் ஓடுவதைப் பார்க்க நானாவுக்குப் பொறுக்கவில்லை. வேலையை விட்டார். வெறும்போத்தல் எடுப்பதை மட்டும் விடவில்லை.

களப்புக் கரையில் பொறுக்கியதை உரப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக வருவார். யார் வீசியது என்று தெரிந்தால் அவர் வீட்டுக்கு, தெரியாவிட்டால் கிட்ட இருக்கும் வீட்டுக்கு. நீதி என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும். எதிர்வீட்டு மாஸ்டருக்குச் சீனி வருத்தம், இனிப்புத் தொடக்கூடாது. ஒருநாள் அவர் கேட்டில் நின்று நானா தெருவுக்கே கேட்கக் கத்தினார்: "மாஸ்டர், நீங்க நேத்துக் குடிச்ச சோடாப் போத்தல் இந்தா இரிக்கி!" மாஸ்டரின் மனைவி வெளியே வந்தார். அதன்பிறகு மாஸ்டர் சீனி போடாத வெறும் தேத்தண்ணியில்தான் காலம் தள்ளுகிறார்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி, பிளாஸ்டிக்கை எப்படிச் சுழற்சிப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவருவது என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தார். சுவரில் பெரிய வட்டம். ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால், சூழலைக் காப்பாற்ற வந்த களைப்புத் தீர, ஒரு தண்ணிப் போத்தல். நானா வகுப்பைக் கேட்கவே இல்லை. வரிசை வரிசையாகப் போத்தல் எடுத்துக்கொண்டே போய்ப் பேச்சாளரிடம் நின்றார். "குடிச்சி முடிங்க தம்பி, நேரம் போகுது." அவசரமாகக் குடித்த அந்தத் தம்பிக்குச் சுழற்சியின் நடுவிலேயே புரையேறிவிட்டது. எங்கள் ஊருக்கு வந்த பொருளாதாரம் அத்தோடு நின்றது.

இப்படிப்பட்ட மனிதருடைய ஒரே மகளைத்தான் சோடா முதலாளியின் மகன் விரும்பித் தொலைத்தான். முதலாளி தலையில் கைவைத்தார். மகன் சாப்பிடாமல் படுத்ததும் இறங்கி வந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று.

"கலியாணம் முடியுமட்டும் நீங்க ஒரு போத்தலையும் குனிஞ்சி எடுக்கப்படா. எடுத்தா இந்தச் சம்மந்தம் இல்ல."

நானா மகளின் முகத்தைப் பார்த்தார். "சரி முதலாளி" என்றார்.

அந்தக் கிழமைகளில் அவர் நடந்த நடையை நாங்கள் மறக்கமாட்டோம். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், கண் வானத்தில். அப்படிப் போய் லைட் கம்பத்தில் முட்டிக்கொண்டார். தெருவுக்குப் பெருநாள் வந்த மாதிரி. ஆளாளுக்கு மதிலுக்கு மேலால் வீசினோம். ஒன்றும் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாளில் தெருவோரத் தண்ணி ஓடும் கான் நிரம்பி, அதன்மேல் ஆடுகள் நடந்து போயின. நானா மட்டும் கானைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

கலியாண நாள் வந்தது. காலையில் நிக்காஹ் எழுதி முடிந்தது, பகல் முதலாளி வீட்டு வலீமா விருந்து. ஊரே கூடியது. ஐந்தாறு பேர் ஒரே தட்டில் சாப்பிடும் சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். சஹன் கழுவுகிற வேலைக்குப் பஞ்சிப்பட்டு அதன்மேல் பொலித்தீன் லஞ்ச் ஷீட் விரித்திருந்தார்கள். முதலாளி ஒரு லொறி நிறைய இறக்கியிருந்த தண்ணிப் போத்தல், ஆளுக்கொன்று. இரண்டு வாய் குடித்துவிட்டு ஆட்கள் உருட்டிவிட்டார்கள். அதில் ஒன்று உருண்டு வந்து நேரே நானாவின் முழங்காலில் முட்டி நின்றது.

சபையே சோற்றை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. நானா இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. சாப்பிடவும் இல்லை. மகளின் வாழ்க்கை அந்த முழங்காலடியில் கிடந்தது.

அப்போது பெண்கள் பக்கத்துத் திரைக்குக் கீழால் ஒரு உரப்பை தள்ளப்பட்டு வந்தது. நிறைய வெறும்போத்தல். பின்னாலேயே மணப்பெண்ணின் குரல்:

"வாப்பா, கலியாணம் முடிஞ்சிட்டு!"

நானா எழும்பின வேகத்தில் சஹன் கவிழப் பார்த்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, இளம் பிள்ளை மாதிரி ஓடி ஓடிப் பொறுக்கினார். சிரித்துக்கொண்டே அழுதார். எங்களுக்கும் சும்மா இருக்க ஏலவில்லை. போத்தல்களை அவர் பக்கம் உருட்டிவிட்டோம்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. "இதையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டப் போறீங்க, சம்மந்தி?"

நானா வாசலைக் காட்டினார். "புத்தளத்துல போத்தல் அரைக்கிற எடம் இரிக்கி. ஒங்கட லொறி வெறுமையாத்தானே போகுது?"

முதலாளி லொறியைப் பார்த்தார். புது மருமகள் நின்ற திரையைப் பார்த்தார். வலீமா நாளில் அவளுக்கு இல்லை என்று சொல்ல எந்த மாமனாருக்கு வாய் வரும்? "ஏத்தித் தொலைங்க" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கிழமையும் அந்த லொறி சோடாவோடு வந்து வெறும்போத்தலோடு போகிறது. முன்சீட்டில் நானா, மந்திரி மாதிரி.

போன கிழமை லொறி வந்தது, நானா வரவில்லை. காய்ச்சலாம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பிஸ்கட்டும் பழமும் கொண்டு போவதுதான் முறை. நான் கழுவிக் காயவைத்த போத்தல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். என்னைப்போல் பைத்தியம் வேறு யார் இருப்பார்கள் என்று நினைத்தால், வாசலில் எனக்கு முன்னால் முழுத் தெருவும் பையோடு நிற்கிறது, எதிர்வீட்டு மாஸ்டர் உட்பட. அவருடைய பையில் சோடாப் போத்தல் ஒன்றும் இருந்தது. மனைவி பக்கத்தில் நின்றும் ஒன்றும் சொல்லவில்லை.