இரண்டாவது ஆள்

பழங்காநத்தத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களின் முதுகெலும்பைக் காப்பாற்றுவது என்று மேலிடம் தீர்மானித்தது. படுக்கையில் கிடப்பவரை இனி யாரும் தனி ஆளாகத் தூக்கக் கூடாது, இரண்டு பேர் சேர்ந்தே தூக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கூடவே நீளமான பதிவேடு ஒன்றும் வந்தது. இரண்டாவது ஆள் மட்டும் வரவில்லை.

மாடிக்கு ஓர் ஆள் என்பதுதான் அங்கே கணக்கு. முதல் மாடிக்கு செக்கானூரணிப் பக்கத்து ஒச்சாயி. அவள் பொறுப்பில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், தொண்ணூற்றிரண்டு கிலோ. வேலையில் இருந்த காலத்தில் ஒரு காகிதத்தைக்கூட எடுத்து அடுத்த மேசையில் வைக்காதவர் என்று கேள்வி. இப்போது அவரை ஒரு நாளைக்கு ஆறு தடவை தூக்க வேண்டும்.

பதிவேட்டில் ‘தூக்கும்போது உடனிருந்தவர்’ என்று ஒரு கட்டம். ஒச்சாயி பொய் எழுதுகிறவள் இல்லை. யோசித்துப் பார்த்தாள். தாசில்தாரின் கக்கத்தில் கை கொடுக்கும்போதெல்லாம், “கருப்பா, கூட நில்லுய்யா” என்று ஊர்க் காவல் தெய்வத்தைக் கூப்பிட்டுத்தான் தூக்குகிறாள். அவரும் வந்து நிற்கத்தான் செய்கிறார். ஆகவே ‘கருப்பு’ என்று எழுதினாள். மற்ற மாடிக்காரர்களும் அதைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். கட்டங்கள் நிரம்பியதைக் கண்டு மேனேஜர் விக்ரம் மனம் குளிர்ந்து முத்திரை குத்தினார்.

மூன்றாம் மாதம் ஒச்சாயிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினைந்து நாள் அசையாமல் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் நடமாட்டமே போய்விடும் என்றார் டாக்டர். சம்பளம் இல்லாமல் படுத்தால் சோறு போய்விடும். சம்பளத்தோடு லீவு கேட்டு மனுக் கொடுத்தாள்.

விசாரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வாளர் அழகுபாண்டி வந்தார். பதிவேட்டைப் புரட்டினார், கால்குலேட்டரைத் தட்டினார்.

“தொண்ணூத்திரெண்டு கிலோ. ரெண்டு பேரு. ஆளுக்கு நாப்பத்தாறு. அம்பது வரைக்கும் விதியில இடம் இருக்கு. ஒனக்கு வலிக்க வழியே இல்லம்மா.”

“வலிக்குதே சார்.”

“விதிப்படி வலிக்கல.”

ஒச்சாயி உள்ளதைச் சொல்லிவிட்டாள். “சார், கருப்பு எங்க சாமி. அம்புட்டுக் கனத்தையும் தூக்குனது நான் ஒருத்திதான்.”

ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தார். தனியாகத் தூக்கியது உண்மை என்றால் அது சுற்றறிக்கையை மீறிய குற்றம், வேலை போய்விடும் என்று பரிவோடு விளக்கினார். மேனேஜர் அவசரமாகக் குறுக்கே வந்து, கருப்பு அருமையான ஊழியர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார் என்று சாட்சி சொன்னார்.

“இப்பச் சொல்லும்மா. கருப்பு இருக்காரா, இல்லையா?” என்றார் ஆய்வாளர்.

அவரை இல்லை என்று எந்த வாயால் சொல்வது? “இருக்காரு சார்” என்றாள் ஒச்சாயி.

ஆய்வாளர் மேலும் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. இந்தக் கருப்பு காலையிலும் தூக்கியிருக்கிறார், ராத்திரியும் தூக்கியிருக்கிறார். ஒரே நேரத்தில் மூன்று மாடியிலும் தூக்கியிருக்கிறார். தொண்ணூறு நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட உட்காரவில்லை.

“நீங்கள்லாம் மனுசங்கதானா?” என்று மேனேஜரைக் கேட்டார். ஆய்வாளரின் கண் கலங்கியிருந்தது.

அந்த இடத்திலேயே உத்தரவு பிறந்தது. அளவு கடந்த பணிச்சுமைக்கு ஆளான திரு. கருப்பு அவர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய பதினைந்து நாள் கட்டாய ஓய்வு வழங்கப்படுகிறது. ஓய்வுக் காலத்தில் அவரை எக்காரணம் கொண்டும் யாரும் அழைக்கக் கூடாது. அதுவரை அவருடைய பங்கு எடையையும், விதிப்படி வலி ஏதுமற்ற ஒச்சாயியே கவனித்துக்கொள்வார். இரண்டு பேர் விதியிலிருந்து இதற்குத் தற்காலிக விலக்கு அளிக்கப்படுகிறது.

உத்தரவைப் பலகையில் ஒட்டினார்கள். ஊழியர்கள் கூடி நின்று படித்தார்கள். அந்த இல்லம் தொடங்கிய நாளிலிருந்து சம்பளத்தோடு லீவு யாருக்கும் கிடைத்ததில்லை. மூன்றாம் மாடி காளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்கு ஓடிப் போய் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கி வந்தான்.

“எடுத்துக்கக்கா. நம்ம ஆளு ஒருத்தருக்காச்சும் கெடச்சிருச்சே.”

தாசில்தார் மணி அடித்தார். கருப்பைக் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு ஆகிவிட்டது, வாய்க்கு வேறு ஏதாவது வேலை வேண்டுமே என்று ஒச்சாயி மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு தூக்கப் போனாள்.